அரசுத் தொலைக்காட்சியும் தனியார் தொலைக்காட்சியும்: ஆடலூர் மலைப்பகுதியை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தொலைக்காட்சி வரலாறு, அரசின் தனியுரிமை தகர்ந்து தனியார் அலைவரிசைகள் பெருகிய வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஒளிபரப்பு எவ்வழியாக வீட்டை அடைந்தது, அதற்குரிய விலையை யார் கொடுத்தனர் என்னும் வினாக்களைக் கொண்டு, கீழ்ப்பழனி மலையிலுள்ள ஆடலூர் போன்ற ஊர்களின் நிலையிலிருந்து அவ்வரலாற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தூர்தர்ஷன், கேபிள், அரசு கேபிள், பழனி மலை, விநியோகம்

முன்னுரை

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தோன்றியது. ராஜ், விஜய், ஜெயா ஆகியவை தொடர்ந்தன. இவ்வளர்ச்சியை ஆராய்ந்தோர் நெடுந்தொடர், திரைப்படம், கட்சி அரசியல் ஆகியவற்றிலேயே மிகுதியும் கவனம் செலுத்தினர். நிகழ்ச்சியைச் சுமந்து செல்லும் கோபுரமும் கம்பியும் போதிய அளவு பேசப்படவில்லை. அதனால் ‘அரசு எதிர் தனியார்’ என்னும் இருமை, ஆய்வுக்கு உட்படாமலேயே நிலைபெற்றுவிட்டது.

கோபுரமும் நிலவமைப்பும்

தரைவழி ஒளிபரப்பின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. சென்னைக் கோபுரத்தின் வீச்சு தென்மாவட்டங்களை எட்டவில்லை. 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைத் தென்கடலோர மக்கள் கண்டதற்கு இதுவே காரணம். 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள கொடைக்கானலில் உயர்திறன் கோபுரம் அமைந்தபோது இக்குறை பெரிதும் நீங்கியது. எனினும் அவ்வுயரம் சமவெளியின் தேவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கோபுரத்தைத் தாங்கிய அதே மலைத்தொடரின் மடிப்புகள், அலைகளை மறைக்கவும் வல்லவை. ஒளிபரப்பின் பரவல் மக்கள்தொகை விழுக்காட்டில் கணக்கிடப்பட்டபோது, காப்பித் தோட்டங்களுக்கிடையே சிதறிய குடியிருப்புகளும் பளியர் குடிகளும் அக்கணக்கில் எடையற்றுப் போயின. ‘அனைவருக்கும் பொது’ என்னும் அரசின் கொள்கை இவ்விடத்தில் தன் எல்லையைக் காட்டுகிறது.

கேபிளின் கணக்கு

தனியார் அலைவரிசைகள் செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் நடத்துநரை அடைந்து, அங்கிருந்து கம்பி வழியாக வீடுகளுக்குச் சென்றன. ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு எத்தனை வீடுகள் என்பதே இத்தொழிலின் அடிப்படைக் கணக்கு. நெருங்கிய தெருக்களுடைய நகரில் ஆதாயம் தரும் இக்கணக்கு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொருந்துவதில்லை. அரசின் முறையில் நிலவமைப்பு தடையானது. தனியார் முறையில் வரவுசெலவு தடையானது. தடை வேறாயினும் விலக்கப்படுவோர் ஒருவரே. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் டி.டி.எச். சேவை தொடங்கியபின் இவ்விரு தடைகளும் தளர்ந்தன.

அரசின் மறுவருகை

தாராளமயத்திற்குப்பின் அரசு விலகிக்கொண்டது என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்குரியது. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், நடைமுறையில் தனியார் அலைவரிசைகளின் பார்வையாளர் பரப்பையே விரித்தது. 2007-இல் உருவான அரசு கேபிள் நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்துடன் மீண்டும் இயக்கப்பட்டது. நிகழ்ச்சி தயாரிப்பாளராக இருந்த அரசு, கருவி வழங்குநராகவும் விநியோகஸ்தராகவும் உருமாறியதையே இவை காட்டுகின்றன. ஆயினும் அரசு கேபிளும் கம்பியையே நம்பியது. மலைக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை பழைய கணக்கு மாறவில்லை.

விலையும் மொழியும்

தரைவழிக் கோபுரங்களுள் பெரும்பாலானவற்றின் சேவையை 2022 மார்ச்சுக்குள் நிறுத்தப் பிரசார் பாரதி திட்டமிட்டுச் செயற்பட்டது. எஞ்சிய இலவச வழியாகிய தூர்தர்ஷன் டி.டி.எச். சேவையில் இந்தி அலைவரிசைகளே மிகுதி. முன்னணித் தமிழ் அலைவரிசைகளோ கட்டணத்திற்குரியவை. கட்டணம் செலுத்த இயலாத தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற்குத் தாய்மொழி நிகழ்ச்சியின் தெரிவு சுருங்குகிறது. அலைவரிசைகள் பெருகின என்பதை மட்டும் கொண்டு வாய்ப்புப் பெருகியது என முடிவுசெய்ய இயலாது என்பதற்கு இது சான்று.

முடிவுரை

அலைக்கற்றை பொதுச்சொத்து என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பொதுமையை உடைமையாளரின் பெயரால் மட்டும் அளக்க இயலாது. கடைசி வீட்டிற்கு எது, எம்மொழியில், என்ன விலையில் சென்றடைகிறது என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும். ஆடலூர் போன்ற மலையூர்களில் இவ்வினாக்களுடன் கள ஆய்வுகள் நிகழுமாயின், நகரத்தை மையமாகக் கொண்டு எழுதப்பட்ட தமிழகத் தொலைக்காட்சி வரலாறு திருத்தம் பெறும்.