சமன்பாட்டில் இல்லாத பிரஷர்

நாடியில் தட்டுப்படுவது, தமனிச் சுவரை விரித்துக்கொண்டே ஓடும் அழுத்த அலை. பெருந்தமனியில் இளைஞருக்கு நொடிக்கு 5 மீட்டர் போலிருக்கும். முதியவருக்கு 10-ஐத் தாண்டலாம்.

1878-இல் மோன்ஸ், கோர்டெவெக் தந்த சமன்பாட்டின்படி, அலையின் வேகம் சுவரின் விறைப்பு, தடிமன், குழாயின் ஆரம், ரத்தத்தின் அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்தது. ரத்த அழுத்தம் அதில் நேரடியாக இல்லவே இல்லை!

அழுத்தம் ஏறினா சுவர் விறைக்கும், அலை வேகமெடுக்கும், சரிதான். ஆனா வயசு ஏறினாலும் அதேதான் நடக்கும். வேகத்தை மட்டும் வைத்து எது காரணம் என்று பிரிக்க முடியாது. அப்புறம் எப்படி, அலை வேகத்தைக் கணக்கிட்டு ஒரு கைக்கடிகாரம் காட்டும் 'பிரஷரை' அளவீடு என்பது? பட்டைக் கருவியோடு அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அது ஊகம்தான். அந்த எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.