மரையின் பிடியும் எலும்பின் பிடியும்

‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்ற விளம்பரம் தமிழ்நாட்டின் சிறு ஊர்கள் வரை வந்துவிட்டது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் அடிவாரத்து மாந்தோப்பில் காவல் இருப்பவருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவருக்கும் இந்த வாக்கு இனிக்கத்தான் செய்யும். பல் டாக்டரிடம் ஒவ்வொரு முறை போவதும் ஒரு நாள் கூலி. அந்த அவசரத்தில் தப்பில்லை. ஆனால் அதை நம்பி விற்கப்படும், பல்லைத் தாங்கும் திருகு தாடை எலும்பில் எப்படி நிற்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965-இல் ஒருவரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். அவர் வகுத்த முறைப்படி கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை திருகு ஈறுக்கடியில் பாரம் ஏதுமின்றிக் கிடக்கும். காரணம் உண்டு. திருகை முறுக்கி ஏற்றிய அன்று இருப்பது மரையின் பிடி. பிறகு புது எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்டுவது எலும்பின் பிடி. முதல் பிடி தளர்ந்து இரண்டாவது இன்னும் ஊன்றாத, பொருத்தியபின் வரும் இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரைதான் ஆபத்தான காலம். அப்போது கடியின் பாரத்தில் திருகு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். அதன்பின் அது நிற்காது.

இந்தக் காலத்தைக் கடக்கத்தான் வடிவமைப்பு வேலை செய்கிறது. ‘இம்ப்ளான்ட்’ எனப்படும் இன்றைய திருகு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: விட்டம் 4 மில்லிமீட்டர், நீளம் 10. கழுத்தில் நெருக்கமான நுண்மரை, உடலில் ஆழமான மரை, நுனி நோக்கிச் சரிந்து ஒடுங்கும் உடல், நுனியில் எலும்பை வெட்டிக்கொண்டு இறங்க ஒரு பள்ளம். மேல்தாடையின் கடைவாயில் எலும்பு பஞ்சாக இருக்கும், மேலே சைனஸ் அறையும் குறுக்கிடும். அங்கே துளையைச் சற்றுச் சிறிதாகப் போட்டு, ஒடுங்கும் திருகை ஏற்றினால் எலும்பு நெருக்கப்பட்டு இறுகும். மெதுமரத்தில் ஆணி அடிக்கும் தச்சருக்கு இந்தக் கணக்கு தெரியும். நேர் உருளையாக இருந்த பழைய திருகுகளால் இது எளிதில் ஆகாது. ஆகவே இந்த வடிவத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அதே திருகைக் கீழ்த்தாடையின் முன்பக்கத்து இறுகிய எலும்பில் அதே முறையில் ஏற்றினால் கதை வேறு. அளவுக்கு மீறி நெருக்கப்பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் நின்று, அது செத்துப்போகலாம். உடனே பல் வைக்க 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை போதும் என்பது பரவலான வழக்கம். அதைப் போல இருமடங்கு ஏறியதைப் பெருமையாகச் சொல்வது எனக்கு அச்சம் தருகிறது.

என் பார்வையில், மரையைவிடப் பெரிய முன்னேற்றம் மேற்பரப்பில் நடந்தது. துகள் பீய்ச்சி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய டைட்டானியம் காத்திருப்பைப் பலருக்கு ஆறு, எட்டு வாரமாகக் குறைத்தது. எலும்பின் பிடியையே விரைவுபடுத்திய வழி இது. ஈறு இறங்கி அந்தச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால் கிருமி அதில் குடியேறும், சுத்தம் செய்வது பெரும்பாடு. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று நாள் பல்லுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பேசல் இம்ப்ளான்ட். வழவழப்பான ஒற்றைத் துண்டுத் திருகு, பஞ்செலும்பைத் தாண்டி மூக்குத் தளம் போன்ற கெட்டியான ஓட்டில் போய்ப் பிடிக்கிறது. எலும்பு கரைந்துபோன முதியவருக்கு எலும்பு ஒட்டு வைக்காமலே பல் கிடைக்கிறது. இது மெய்யான நன்மை. ஆனால் முழுப் பாரத்தையும் முதல் வாரத்திலிருந்தே மரையின் பிடி சுமக்கிறது. பல திருகுகளை ஒரே சட்டத்தில் இறுக்கமாக இணைத்துத்தான் அசைவைத் தடுக்கிறார்கள். சட்டம் தளர்ந்தால் எல்லாத் திருகுகளுக்கும் ஆபத்து. வழக்கமான இம்ப்ளான்ட்களுக்கு இருக்கும் அளவு நீண்டகால ஆய்வுகளும் இதற்கு இல்லை. வேறு வழியில்லாதவருக்கு உதவும் ஒன்றை, நல்ல எலும்பு இருப்பவருக்கும் அவசரத்துக்காகப் பொருத்துவது தவறு.

எந்த மரையாலும் ஈடுகட்ட முடியாதது சர்க்கரை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் பீடியும் எலும்பு ஒட்டுவதையே கெடுக்கும். விளம்பரத்தில் இதற்கு ஒரு வரி இடம்கூடக் கிடையாது.

பல் கட்டப் போகிறவர்கள் பணம் கட்டுமுன், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் தங்கள் எலும்பின் உயரத்தையும் அடர்த்தியையும் டாக்டரோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த வகை இம்ப்ளான்ட், அதை ஏன் உங்களுக்குத் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். பொருத்திய பிறகு அதன் பெயர், அளவு, முறுக்கு விசை மூன்றையும் எழுதி வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அதைத் திறக்க வேண்டி வந்தால், அந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் கருவி பொருந்தும் என்று அவருக்குத் தெரியாது.