பிள்ளையவர்கள் சரித்திரமும் ஆசிரிய மாணாக்கர் தொடர்பும்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்கள். பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் சிவபதம் எய்தினார்கள். ஆகவே, ஏறக்குறைய 58 ஆண்டுகள் கழிந்தபின், தாமும் எண்பதை அணுகிய பருவத்து, மாணாக்கர் தம் ஆசிரியரை நினைந்து எழுதிய நூல் அஃது. பின்னர் 1940 முதல் ஆனந்த விகடனில் ஐயரவர்கள் எழுதிவந்த ‘என் சரித்திரம்’, 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர்கள் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்று, 1950-இல் நூலுருப் பெற்றது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கற்பார்க்குத் தோன்றும் ஒரு கருத்தினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இந்நூல்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் ‘குருபக்திக்கு இவை சான்று’ என்று கூறி அமைவர். அக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் நிறைவுடையதன்று. குருபக்தி என்பது மாணாக்கரிடத்திருந்து ஆசிரியரை நோக்கிச் செல்வது. இந்நூல்களிலோ ஆசிரியரிடத்திருந்து மாணாக்கரை நோக்கி வருவதும், மாணாக்கர் ஒருவரிடத்திருந்து மற்றொருவரை நோக்கிச் செல்வதும் அதனினும் மிகுதியாகப் பேசப்படுகின்றன. நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்குரிய இயல்புகளைத் தொகுத்துக் கூறுமிடத்துப் பவணந்தியார் ‘அருள்’ என்பதனையும் ஒன்றாக வைத்தனர். மாணாக்கன் ஆசிரியனிடத்து ஒழுகவேண்டிய முறையை விரித்த அப்பெரியார், ஆசிரியனது அருள் எவ்வாறு செயற்படும் என்பதனை விரித்திலர். அவர் ஒரு சொல்லாற் கூறிச் சென்றதற்கு இவ்விரண்டு சரித்திரங்களும் நீண்டதோர் உரையாய் நிற்கின்றன என்பதே எம் கருத்து.

இதனை நூல்களின் உள்ளிருந்தே காட்டுதும். ஐயரவர்கள் பிள்ளையவர்களிடம் வந்து சேர்ந்தது 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில். தந்தையார் வேங்கடசுப்பையர் மகனை அழைத்துவந்து ஒப்புவித்த அம்முதற் சந்திப்பிலேயே, என்ன நூல் கற்பிப்பது என்னும் பேச்சோடு, இவருடைய ஆகாரத்துக்கு என்ன செய்வது என்னும் பேச்சும் எழுகின்றது. மாயூரத்தில் தம்மால் அதற்கு ஏற்பாடு செய்ய இயலாமையைப் பிள்ளையவர்களே எடுத்துரைக்கின்றார்கள். புலவர் பெருமான் ஒருவர் தம் வறுமையை முன்பின் அறியாதார்முன் ஒளியாது கூறியது எதன்பொருட்டு? கற்கவந்த சிறுவன் பசித்திருப்பானே என்னும் கவலையின்பொருட்டென்க. கல்வியின் வாயிலிலேயே சோற்றைப் பற்றிய கவலை நிற்கின்றது.

அவ்வறுமை எத்தகைய தென்பதனை என் சரித்திரத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி காட்டும். பிள்ளையவர்கள் எண்ணெய் முழுக்காடுதற்கு அமர்ந்திருக்கின்றார்கள். வீட்டில் எண்ணெய் இல்லை. அதனை அவர்கள் வாய்திறந்து கூறவில்லை. குறிப்பறிந்த மாணாக்கர் தம் கையிலிருந்த சிறு பொருளைக்கொண்டு கடைக்குச் சென்று வாங்கி வருகின்றார். இங்கே கொடுத்தவர் பெருமையும் கொண்டவர் சிறுமையும் இல்லை. இருவருள் எவரும் கணக்கு வைத்திலர். மாணாக்கர்க்கு வைசூரி கண்டபோது ஆசிரியர் பட்ட துயரத்தைப் படிப்பார்க்கு, அவ்வெண்ணெயின் கடன் எங்ஙனம் தீர்ந்ததென்பது தானே விளங்கும்.

இனிப் பணியைப் பற்றிச் சிறிது கூறுவாம். பிள்ளையவர்கள் புராணமும் பிரபந்தமும் பாடுங்காற் பெரும்பாலும் தாம் எழுத்தாணி பிடிப்பதில்லை. அவர்கள் வாயாற் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். செய்யுள் தடையின்றி வந்துகொண்டிருக்கும். எழுதுவோர் கையே ஓயும். இது கற்றலா, ஊழியமா? புறத்தே நின்று நோக்குவார்க்கு ஊழியமெனவே தோன்றும். ஒரு செய்யுள் பிறக்கும்போதே அருகிருந்து, சீர் அமைவதையும் சொல் மாற்றப்படுவதையும் செவியாற் கேட்டுக் கையால் எழுதிய ஒருவர்க்கு, அதனினும் சிறந்த பாடம் வேறில்லை. பிற்காலத்து 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த காலத்து, சிதைந்த ஏட்டில் இருந்த சொல் இன்னதாதல் வேண்டுமென உய்த்துணர்ந்த அக்காது, அந்த ஏடெழுதும் பணியிற் பழகிய காதே என்று கருதுதற்கு இடமுண்டு.

மாணாக்கர் ஒருவரோடொருவர் கொண்ட தொடர்பு இவற்றினும் நோக்கத்தக்கது. ஐயரவர்கள் வந்து சேர்ந்தவுடன் பிள்ளையவர்கள் தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினார்களல்லர். சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணாக்கரிடம் நைடதம் கேட்குமாறு பணித்தார்கள். புதிய மாணாக்கர்க்கு அஃது ஏமாற்றமாகவே இருந்தது. அதனை அவர் மறைத்திலர். பின்னரே ஆசிரியரிடம் நேரே பாடங்கேட்கும் பேறு வாய்த்தது. சவேரிநாத பிள்ளை கிறித்துவ சமயத்தவர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் பிள்ளையவர்களிடம் பயின்றவரே. மாயூரத்து முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் கிறித்துவர். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க்கோவை பாடினார்கள்.

அற்றேல், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடிய சைவப் பெரும்புலவர், சைவ ஆதீனத்து வித்துவானாய் விளங்கியவர், இங்ஙனம் பிற சமயத்தாரை அருகிருத்தியது கொள்கை நெகிழ்ச்சியன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அன்று. நெகிழ்ச்சியாயின் அவர்கள் பாடிய தலபுராணங்களில் அதன் சாயல் வீழ்ந்திருத்தல் வேண்டும், அங்ஙனம் வீழ்ந்திலது. தம் கொள்கையில் நிலைபெற்றவர்க்குப் பிறரை அருகிருத்துதலில் அச்சமில்லை என்பதே பெறப்படும்.

அதற்கு முடிந்த முடிபாக நிற்பது அவர்களது இறுதிக் காட்சி. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், பொழுது புலராமுன், பிள்ளையவர்கள் திருவாசகம் கேட்க விழைகின்றார்கள். ஐயரவர்கள் அடைக்கலப்பத்தை வாசிக்கின்றார்கள். ஆசிரியரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. வேளாளர் குடியிற் பிறந்த சைவப் புலவர் ஒருவர், அந்தண மாணாக்கர் வாசகம் ஓத, கிறித்துவ மாணாக்கர் தாங்க, உயிர் நீத்தார். இம்மூவரும் ஒரு பந்தியில் உண்டவரல்லர். அக்காலத்து வழக்கப்படி உண்ணுமிடம் வெவ்வேறாகவே இருந்தது. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. உணவில் நின்ற அவ்வேலி நோய்ப்படுக்கையருகே இல்லாதொழிந்தது. ஐயரவர்கள் இக்காட்சியை எழுதியவிடத்து ஒரு சொல்லும் மிகையில்லை. சமய சமரசம் என்று பெயரிட்டுப் பாராட்டாது, யார் எங்கிருந்தார் என்பதனை மட்டும் கூறிச் சென்றார்கள். அந்நூலின் உரைநடை தன் உயர்ந்த நிலையை எய்துவது இவ்விடத்தேயாம்.

இத்துணையும் கூறியபின், பேணுதலுக்கும் ஓர் எல்லையுண்டென்பதனை இந்நூல் காட்டுமிடத்தையும் கூறாது விடுதல் திறனாய்வாகாது. ஐயரவர்கள் பிறந்தது இசைக்குடும்பம். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர்கள் இசை பயின்றுவந்தார்கள். இசையில் மிக்க பழக்கங்கொண்டால் இலக்கண இலக்கியங்களிற் கருத்துச் செல்லாதென்பது பிள்ளையவர்கள் கொள்கை. ஆசிரியர்க்கு அஃது உவப்பன்றென அறிந்து மாணாக்கர் அப்பயிற்சியை விடுத்தார். தந்தையின் கலையை ஆசிரியரின்பொருட்டுத் துறந்தமை சிறிய இழப்பன்று. ஐயரவர்கள் இதனைக் குறைகூறியும் எழுதவில்லை, புகழ்ந்தும் எழுதவில்லை. நிகழ்ந்தவாறே வைத்தார்கள். இதனைப் படித்து, ‘ஆசிரியன் விலக்கிய கலையை மாணாக்கன் விடுதலே நெறி’ என விதி வகுப்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறுவது: தமிழுக்கு அதனாற் பெரும்பேறு வாய்த்தது உண்மை, ஆயினும் அப்பேறு மாணாக்கர் உவந்து தந்த கொடையால் வந்தது. கொடையை விதியாக்கினால் அது திறையாய்விடும். பேணுகின்றவர் கை, பேணப்படுவாரின் ஒரு கிளையைத் தரிக்கவும் கூடும் என்னும் எச்சரிக்கையை இப்பகுதி தாங்கி நிற்கின்றது.

ஆசிரியர் மறைந்தபின் இத்தொடர்பு அறுந்ததோ எனின், அறுந்திலது. பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1880-இல் தாம் ஓய்வுபெற்றபோது அவ்விடத்திற்கு ஐயரவர்களையே அமர்த்துமாறு முயன்று வெற்றிபெற்றார். பிற்காலத்துச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஐயரவர்கள் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார்கள். தம் பெயரையோ தம் குலத்தார் பெயரையோ இடாது, உடன்கற்றார் ஒருவர் பெயரை வீட்டிற்கு இட்டமை, கல்வியால் வந்த உறவு குருதியால் வந்த உறவோடு ஒப்ப நின்றதென்பதற்குச் சான்று. அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டது.

நூல்களின் அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளையவர்கள் சரித்திரம், நூல்கள் இயற்றப்பட்ட வரலாறும், ஆதரித்த பிரபுக்களும், சமயத்திற்கேற்பப் பாடிய தனிச்செய்யுள்களும் என்னும் முறையிற் செல்லுகின்றது. ஆகலின் யாம் மேலே காட்டிய இயல்புகள் அதன்கண் ஆங்காங்குச் சிதறிக் கிடக்கின்றன. செய்யுள்களின் மிகுதியால் ஊன்றிப் படியாதார் அவற்றைக் காணாமற் போதலுங் கூடும். இஃது ஒரு குறையே. என் சரித்திரம் அக்குறையை நிரப்புகின்றது. முன்னதில் ஆசிரியரின் பெருமையும், பின்னதில் ஆசிரியரோடு வாழ்ந்த நாள்களும் விளங்கும். ஒன்றைமட்டும் கற்றோர் பாதியே கற்றோராவர்.

இவ்வாராய்ச்சியாற் பயன் யாதெனின், எம் ஊரை முன்வைத்து அதனைக் கூறுவோம். யாம் ஓய்வுபெற்று வாழ்வது ஓசூர். சந்திரசூடேசுவரர் எழுந்தருளிய மலையின் அடியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கும் எல்லையூர் இது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் ஊரின் தோற்றமே மாறிற்று. டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை 1980-களில் தொடங்கிய காலத்து, பள்ளிப்படிப்பு முடித்த இளைஞரைத் தமிழ்நாட்டுப் பல ஊர்களினின்றும் தெரிந்தெடுத்து, ஓசூரில் வீடுகளிற் குடியமர்த்தி, வளர்ப்புப் பெற்றோர்போல் அவர்களைக் கவனிப்பாரையும் அமைத்தனர். தொழில் கற்பிக்கவேண்டுமாயின், கற்பான் எங்கே உண்பான், எங்கே உறங்குவான் என்பதனையும் எண்ணவேண்டும் என்னும் அறிவு அதன்கண் இருந்தது. மாயூரத்து முதற் சந்திப்பில் எழுந்த அதே கேள்விதான் அது.

இந்நாளில் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகட்கு ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய தொலைநாட்டு இளைஞரும் மகளிரும் வருகின்றனர். பலவிடத்து வேலை பழக்குபவர் ஒருவர், வேலை வாங்கும் ஒப்பந்தக்காரர் வேறொருவர், விடுதி நடத்துபவர் மூன்றாமவர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செவ்வையாகச் செய்தாலும், அவ்விளைஞன் காய்ச்சலுற்றுக் கிடக்கும் இரவு எவருடைய கடமையிலும் அடங்குவதில்லை. கல்வியும் பணியும் பேணலும் மூன்று கைகளிற் பிரிந்தமையால் வந்த இடர் இது. அவ்விரவில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவன் யாரெனின், பெரும்பாலும் அறையில் உடனுறையும் மற்றொரு தொழிலாளியே. மொழி வேறு, சமயம் வேறு, ஊர் வேறு. சவேரிநாத பிள்ளையின் வழியில் நிற்பவன் அவனே. ஆயின் அவன் பெயரை எழுதி வைப்பார் எவருமிலர்.

சைவ நன்மக்கள் நடத்தும் பாடசாலைகளும் மாணவர் இல்லங்களும் இன்றும் பலவுள. மடத்துப் பாடசாலையிற் பயின்றவர் என்னும் உரிமையால் அவற்றை நடத்துவோர்க்கு யாம் ஒன்று விண்ணப்பிப்போம். ஆசிரியரைத் தெரிந்தெடுக்குமிடத்து அவர் கற்ற நூல்களை வினவுவதோடு, மாணாக்கர் ஒருவர் இரண்டு நாள் பாடத்திற்கு வாராதொழிந்தால் அவர் என்செய்வார் என்பதனையும் வினவுக. காய்ச்சலுற்ற பிள்ளையைக் காணச் செல்வேன் என்பாராயின், நன்னூலார் கூறிய இயல்புகளுள் ஒன்றேனும் அவரிடத்து உண்டென்று துணியலாம். அவ்வாசிரியரிடம் பயில்வோர்க்கு இவ்விரண்டு சரித்திரங்களையும் முழுமையாகக் கற்பித்தல், அவர்கள் பின்னாளில் எத்தொழிலிற் சென்று அமர்ந்தாலும் உடனிருப்பாரை எங்ஙனம் நோக்குவது என்பதற்குப் போதிய பாடமாகும்.