முதியோரும் டிஜிட்டல் பாடமும்

மத்திய சர்க்கார் 2017 பிப்ரவரியில் அங்கீகரித்து 2024 மார்ச் வரை நடத்திய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், வீட்டுக்கு ஒருவராக 6 கோடிப் பேருக்கு 20 மணி நேரப் பயிற்சி அளிப்பதென்று சங்கற்பித்து, அந்த இலக்கைக் கடந்தும் விட்டது. இதை அற்பமென்று தள்ளுவது நியாயமாகாது. ராசிபுரத்துக்கும் சங்ககிரிக்கும் பஸ் ஏறாமல், பக்கத்துப் பொதுச் சேவை மையத்தில், தெரிந்த முகத்திடம், தெரிந்த பாஷையில் பாடம் கேட்க முடிந்தது கிராமவாசிக்குப் பெரிய சௌகரியமாகவே இருந்தது.

எனினும், 14 வயது முதல் 60 வரை என்று அத்திட்டம் வகுத்துக்கொண்ட வரம்பும், வீட்டுக்கு ஒருவரே என்ற விதியும் சேர்ந்து, கற்பதற்கு மிகவும் சிரமப்படும் முதியோரை வாசலிலேயே நிறுத்திவிட்டன. இளையவர் கற்றால் பெரியவருக்கும் அது தானாக வந்து சேரும் என்ற அனுமானத்தைத் தவிர இதற்கு வேறு சமாதானம் எனக்குத் தோன்றவில்லை; திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வடக்கே போன மகனும், நாமக்கல் லாரியில் மாதக் கணக்கில் வெளியூரில் திரியும் மருமகனும் அந்த அனுமானத்தில் இடம்பெறவே இல்லை. வீட்டில் இருக்கிற பேரன்தான் என்ன செய்கிறான்? “குடுங்க அப்பத்தா, நானே போட்டுத் தர்றேன்” என்று போனை வாங்கி அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். காரியம் நடக்கிறது, வித்தை கைமாறுவதில்லை.

மையத்தின் நிலையோ இன்னும் விசித்திரமாக இருந்தது: கற்பித்தவரும், கற்காதவரிடம் கட்டணம் வாங்கி மனுப் போட்டுக் கொடுத்தவரும் ஒருவரே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. தேர்வில் தேறியவர்களின் எண்ணிக்கைப்படி ஊதியம் கிடைத்தபோது, விரைவில் தேறக்கூடியவரைத் தேடுவது மனுஷ சுபாவம்.

இதனினும் முக்கியமாக நான் கருதுவது பாடத்தின் வரிசை. 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில், நூற்பாலையில் உழைத்து ஓய்ந்து வைப்புநிதி ஓய்வூதியம் பெறும் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காத தொல்லைக்குப் பரிகாரமாக 2021-இல் முகத்தைக் காட்டும் வழி வந்தது. அதற்கும் இரண்டு செயலிகளை இறக்கிக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கொரு முறை செய்வதை எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் அடுத்த வருஷம் அது புதிதாகவே எதிரில் நிற்கும். எழுத்தே அறியாத பாட்டியோ, வெளிநாட்டிலுள்ள பேத்தியை வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச எந்த வகுப்புக்கும் போகாமல் பழகிக்கொண்டுவிடுகிறாள். தினமும் எழும் ஆசை அவளை அங்கே இழுக்கிறது. அந்த ஆசையில் தொடங்கி, குரல் செய்தி, பிறகு பணப் பரிமாற்றம், ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லாத ஜாக்கிரதை என்று ஏறிப்போவதே முதியோருக்கு உகந்த கிரமம். அத்திட்டம் கற்பித்த மின்னஞ்சல் பாடம் அவர்களுக்கு எதற்கு?

2022-இல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதும் அதற்கு மேலும் ஆன, எழுத்தறியாத எவரையும் சேர்த்துக்கொண்டு, டிஜிட்டல் அறிவையும் வாழ்க்கைத் திறன்களில் ஒன்றாக ஏற்றது நல்ல திருத்தம். ஆனால், அவ்வகுப்புக்கு வரும் பெரியவர் தம் சொந்தப் போனை எடுத்துவந்து தமக்கு வேண்டியதைக் கேட்கலாமா, அல்லது யாருக்கோ எழுதிய பாடத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போக வேண்டுமா என்பது, சம்பளமின்றிக் கற்பிக்கும் தன்னார்வலரின் பொறுமையைப் பொறுத்ததாகவே இருக்கிறது.