பன்னிரண்டு அறிவுரைகளும் இல்லாத மீட்டரும்

எங்கள் கட்டடத்தில் போன மாதம் 'பசுமை அலுவலகக் கையேடு' என்று ஒன்று கொடுத்தார்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர், நாலு கலர், ஆளுக்கு ஒன்று. பக்கத்து சீட்டுப் பையன் முதல் அறிவுரையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான். "தேவையின்றி அச்சிடாதீர்கள்."

வழக்கமாக இங்கே ஏரிகளையும் மதகுகளையும் பற்றித்தான் எழுதுவேன். இந்தக் கையேட்டைப் பற்றி எழுதக் காரணம், இதுவும் கடைசியில் ஒரு பொதுச்சொத்தைப் பங்கு போடும் விஷயமாகத்தான் வந்து நிற்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு வளாகம். எங்கள் கட்டடத்தில் எட்டு கம்பெனி, எங்கள் தளத்தில் மட்டும் மூன்று. பேன்ட்ரி, கழிப்பறை, மீட்டிங் ரூம், ஏசி எல்லாம் பொது. கையேட்டில் பன்னிரண்டு அறிவுரை இருக்கிறது. மானிட்டரை அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், படியில் ஏறுங்கள், மேசையில் செடி வையுங்கள் என்று போகிறது. பன்னிரண்டு வாக்கியத்துக்கும் எழுவாய் ஒன்றுதான்: நீங்கள். கட்டட உரிமையாளரோ, வளாகத்தைப் பராமரிக்கும் நிறுவனமோ, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கம்பெனிகளோ ஒரு வாக்கியத்தில்கூட எழுவாயாக வரவில்லை. என் புகாரே இதுதான்.

சார்ஜரை எடுத்துக்கொள்வோம். சும்மா செருகியிருக்கும் இன்றைய செல்போன் சார்ஜர் இழுப்பது 0.1 வாட் பக்கம். எங்கள் தளத்தில் இருநூறு பேரும் மறந்துவிட்டுப் போனாலும் 20 வாட், அதாவது ஒரு எல்இடி டியூப்லைட். பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கு மேலே ஓடும் ஏசியின் ஒரு டன் என்பது 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும் வேலை. கையேட்டில் ஏசி என்ற சொல்லே இல்லை.

அடுத்து கப். ஏழாவது அறிவுரை, "பேப்பர் கப்பைத் தவிர்த்துப் பீங்கான் கோப்பை பயன்படுத்துங்கள்." இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அது எங்கள் பேன்ட்ரியில் எப்படி இன்னும் அடுக்கடுக்காக இருக்கிறது என்பது தனிக் கதை. 2020-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் சோதித்தபோது, 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் இருந்தால் அந்தப் பூச்சிலிருந்து சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கரைந்து வருவதைக் கண்டார்கள். எரிசக்திக் கணக்கும் பழையதுதான். கனடாவின் மார்ட்டின் ஹாக்கிங் 1994-லேயே போட்டுவிட்டார். கழுவும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பீங்கான் கோப்பையை 39 தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது பேப்பர் கப்பை முந்தும். ஒரு நாளைக்கு ரெண்டு காபி என்றால் ஒரே மாதத்தில் முந்திவிடும்.

ஆனால் ஹாக்கிங் கணக்கில் கழுவுவது மெஷின். எங்கள் பேன்ட்ரியில் கழுவுவது ஒரு அக்கா. கோப்பை வந்த முதல் வாரம் பேசிக்கொண்டிருந்தேன். "நல்லதுக்குத்தான் சார் சொல்றாங்க, நான் இல்லேங்கல. ஆனா காலைல எரநூறு, சாயங்காலம் எரநூறு. கை ரெண்டுதானே இருக்கு?" கூடுதலாக ஒரு ஆளும் போடவில்லை, டிஷ்வாஷரும் வாங்கவில்லை. மூன்றாவது வாரம் கோப்பைகள் அலமாரிக்குள் போயின, பேப்பர் கப் திரும்பி வந்தது. பசுமைக் குழுவின் (நானும் அதில் ஒரு உறுப்பினன், மறைப்பானேன்) கூட்டக் குறிப்பில் காரணம் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "ஊழியர்களிடையே விழிப்புணர்வு போதவில்லை." ஒரு டிஷ்வாஷர் வாங்காததற்கு இருநூறு பேர் மனசாட்சியைக் குறை சொல்லியாயிற்று.

ஏசிக்கு வருகிறேன். எங்கள் தளத்தில் பாதிப் பேர் ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் நாலு இடத்தில் டிஎச்டி22 சென்சாரும் ஒரு சின்ன போர்டும் வைத்து அளந்து பார்த்தேன். அரை டிகிரி முன்னே பின்னே இருக்கும் சென்சார்தான், ஆனால் போதும். நடு வரிசையில் மதியம் 21.5, மேற்குக் கண்ணாடி ஓரத்துக் கேபினில் 25. அந்த ஒரு கேபினில் இருப்பவர் புழுங்குகிறது என்று சொன்னதால் தளம் முழுக்கக் குளிரை ஏற்றியிருக்கிறார்கள். ஏசி எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் சென்சாரும் அந்தக் கேபினுக்கு மேலேதான் இருக்கிறது. ஒருவருக்கு வெயில் படாமல் இருக்க ஒரு திரைச்சீலை போதும். அதற்குப் பதில் இருநூறு பேரை நடுங்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த 'சரியான குளிர்' என்ற எண்ணமே எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தோண்டினேன். டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட சமன்பாடுதான் உலகத்து அலுவலகங்களுக்கெல்லாம் அடிப்படை. உடல் எவ்வளவு வெப்பம் உண்டாக்குகிறது, என்ன உடை, காற்று எவ்வளவு என்று பல காரணிகள் அதில் உண்டு. அந்த உடல் வெப்பக் கணக்கு ஒரு சராசரி ஆணை வைத்துப் போட்டது. பெண்களின் உடல் உண்டாக்கும் வெப்பத்தை அது 35 சதவீதம் வரை கூட்டிக் காட்டக்கூடும் என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். எங்கள் தளத்தில் ஸ்வெட்டர் போட்டிருப்பவர்கள் யார் யார் என்று பார்த்தால் அந்தக் கட்டுரையைப் படிக்கவே வேண்டாம். நம் நாட்டுக்கென்று அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் அளந்து உருவாக்கிய மாதிரி ஒன்று 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிறது. வெளியே சராசரி 30 டிகிரி என்றால், ஏசி கட்டடத்துக்குள்ளே அது தருவது 25.6. ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு. நாங்கள் நாலு டிகிரி கீழே இருக்கிறோம்.

இதெல்லாம் தெரியாத ரகசியம் இல்லை. பராமரிப்பு மேனேஜர் நல்ல மனிதர், இன்ஜினியர், எல்லாம் தெரிந்தவர். அப்புறம் ஏன் நடக்கவில்லை?

பில்லைப் பார்த்தால் புரியும். எங்கள் லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் தனி மீட்டர் உண்டு. குளிர்ந்த நீர் வருவது கீழே உள்ள பொது சில்லர் பிளான்ட்டிலிருந்து. அந்தக் கரண்ட் பில்லை பொதுப் பராமரிப்புச் செலவில் சேர்த்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று எட்டு கம்பெனிக்கும் பிரித்துவிடுகிறார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே அளவு இடம் என்று வைத்துக்கொண்டால், நாங்கள் முயன்று 100 ரூபாய் மிச்சம் பிடித்தால் எங்களுக்கு வருவது 12 ரூபாய் 50 பைசா. மீதி மற்ற ஏழு பேருக்கு. அவர்கள் 100 ரூபாய்க்குக் கூடுதலாகக் குளிர்வித்தால் எங்கள் தலையில் 12.50. உரிமையாளருக்கோ பில் எவ்வளவு வந்தாலும் அப்படியே கைமாற்றிவிடும் வேலைதான். இந்த ஏற்பாட்டில் யாராவது மிச்சம் பிடித்தால் அதுதான் ஆச்சரியம்.

ஏரிப் பாசனத்தில் மதகைத் திறந்து மூடுவது நீர்க்கட்டியின் வேலை. நான் பார்த்த ஊர்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர்தான். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் போனது என்று ஊருக்கே தெரியும். எங்கள் கட்டடத்தில் எந்தத் தளத்துக்கு எவ்வளவு குளிர் போகிறது என்று யாருக்கும் தெரியாது. அளக்கும் கருவி இருக்கிறது, பிடியூ மீட்டர் என்று பெயர். போகும் நீரின் வெப்பம், திரும்பும் நீரின் வெப்பம், ஓட்டம் மூன்றையும் வைத்துக் கணக்குப் போடும். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் சில்லரின் வெப்பத்தை மொட்டை மாடிக் கூலிங் டவர் நீரை ஆவியாக்கித்தான் வெளியேற்றுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல். கம்ப்ரஸர் சூட்டையும் சேர்த்தால் ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறு லிட்டர் ஆவியாகும். நூறு டன், பத்து மணி நேரம் என்றால் 6,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் பாதி. கழிவுநீரைச் சுத்திகரித்து இதற்கு விடலாம். எங்கள் வளாகத்தில் பாதி நாள் லாரித் தண்ணீர்தான் போகிறது. 2019 ஜூனில் லாரி கிடைக்காமல் இதே சாலையில் பல கம்பெனிகள் வீட்டிலிருந்து வேலை பாருங்கள் என்று சொன்னதை மறந்துவிட்டோம். யாரோ ஒரு கிராமத்துக் கிணற்று நீர் மேலே ஆவியாகிறது, நாங்கள் கீழே ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கட்டடத்தின் வரவேற்பறையில் பசுமைச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. பொய்ச் சான்றிதழ் இல்லை. கட்டிய விதத்துக்குக் கொடுத்தது. ஓட்டும் விதத்துக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது, அதற்கு இவர்கள் விண்ணப்பிக்கவில்லை.

குழுக் கூட்டத்தில் மீட்டர் பேச்சை எடுத்தேன். மேனேஜர் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், மீட்டர் போட்டா யாருக்கு எவ்ளோன்னு தெரிஞ்சிடும். அப்புறம் மாசா மாசம் சண்டைதான்." சண்டை வரட்டும் என்றேன். குறிப்பில் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டார்கள். சென்சாரை மட்டும் நடு வரிசைக்கு மாற்ற ஒப்புக்கொண்டார், அடுத்த வாரமே மாற்றியும் விட்டார். இப்போது நடுவில் 24 காட்டுகிறது. கேபின்காரருக்குத் திரைச்சீலை வாங்க மூன்று கையெழுத்து தேவையாம். ஒன்று ஆகியிருக்கிறது.

கையேட்டின் திருத்திய பதிப்பு தயாராகிறது. பதின்மூன்றாவதாக "குளிர் அதிகமாக உணர்பவர்கள் சால்வை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். பேன்ட்ரி அக்காவுக்கும் ஒன்று வாங்கித் தருவீர்களா என்று கேட்டேன். ஈரக் கையோடு நாள் முழுக்க நிற்பவர் அவர்தான். பதில் வரவில்லை.

எங்கள் குத்தகை ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. பிடியூ மீட்டர்படி பில் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்க்க எங்கள் அட்மின் சம்மதித்திருக்கிறார், வாசகம்தான் வேண்டும் என்கிறார். உங்கள் கட்டடத்தில் அப்படி இருந்தால், அந்தப் பத்தியை மட்டும் எனக்கு அனுப்பி வையுங்கள்.