பளபளப்பும் புகையும்

1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 114 மோட்டார் சைக்கிள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 'மோட்டார் சைக்கிளின் கலை' என்பது கண்காட்சியின் பெயர். நீராவியால் ஓடிய 19ஆம் நூற்றாண்டு வண்டி தொடங்கி, அன்றைய புதுவரவான எம்.வி. அகுஸ்டா எஃப்4 வரை, அக்கட்டடத்தின் சுருள் சாய்தளத்தில் அவை நின்றன. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். பொருளுதவி செய்தது பி.எம்.டபிள்யூ. நிறுவனம், அந்நிறுவனத்தின் வண்டிகளும் காட்சியில் இருந்தன.

இது கலையா என்று விமர்சகர் சிலர் சினந்தனர். அக்கேள்வி நமக்குப் பெரிதன்று. குயவர் வனைந்த பானையைக் கலையென ஏற்றவர்கள் இயந்திரத்தை மட்டும் வாசலில் நிறுத்துவது முறையாகாது. காட்சியைத் தொகுத்தோர் வண்டிகளை அவற்றின் காலத்தோடு இணைக்க முயன்றதையும் பாராட்டவே வேண்டும். என் குறை வேறு.

1969இல் வெளிவந்த 'ஈசி ரைடர்' திரைப்படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய, அமெரிக்கக் கொடி தீட்டிய வண்டியின் பிரதியொன்று அங்கிருந்தது. விடுதலையின் சின்னமென உலகம் கொண்டாடிய வண்டி அது. மூல வண்டியை உருவாக்கியதில் முதன்மையானவர்கள் கிளிஃபர்ட் வாஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பினத்தவர் இருவர். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. நெடுங்காலம் உலகம் அவர்களை அறியவும் இல்லை. சாய்தளத்தை ஃபிராங்க் கெரி பளபளக்கும் எஃகுத் தகடுகளால் போர்த்தியிருந்தார். பார்ப்பவர் தம் முகத்தை அதில் காணலாம். செய்தவர் முகத்தை எங்கே காண்பது?

இதே கட்டடத்திற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1971இல் ஹான்ஸ் ஹாக்கெ என்னும் ஜெர்மானியக் கலைஞரின் கண்காட்சி அங்கு நடைபெறவிருந்தது. நியூயார்க்கின் ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் ஒரே குழுமம் எத்தனை கட்டடங்களை எந்தெந்தப் பெயர்களில் வைத்திருந்தது என்பதை, பொதுப் பதிவேடுகளிலிருந்தே திரட்டி, 142 புகைப்படங்களோடு வரிசைப்படுத்தியிருந்தார். 'சமூக அமைப்பு' என்னும் சொல் அப்படைப்பின் தலைப்பிலேயே இருந்தது. வசைமொழி ஏதுமில்லை, முகவரி, உரிமையாளர், அடமானம், மதிப்பு, அவ்வளவே. இயக்குநர் தாமஸ் மெஸ்ஸர் கண்காட்சியையே ரத்து செய்தார். கலைஞரின் பக்கம் நின்ற காட்சிப் பொறுப்பாளர் எட்வர்ட் ஃபிரை வேலையிழந்தார்.

1998இல் இயக்குநர் வேறு, தாமஸ் கிரென்ஸ். அவரே வண்டிப் பிரியர். இரு நிகழ்ச்சிகளை ஒரே தராசில் வைப்பது நியாயமா என வாசகர் வினவலாம். நியாயமே என்பேன். யாருடைய உடைமை, யாருடைய உழைப்பு, யாருக்கு ஆதாயம் என்று கேளாதவரை எப்பொருளும் அரங்கேறலாம். கேட்டால் கதவு அடைபடும்.

வண்டியையும் அமைப்பையும் ஒருசேரக் காட்ட இயலாதா? கிறிஸ் பர்டன் 1979இலேயே காட்டிவிட்டார். அவருடைய 'பெரிய சக்கரம்' ஏறத்தாழ 3 டன் எடையுள்ள வார்ப்பிரும்பு. அதனையொட்டி 1968ஆம் ஆண்டின் பெனெல்லி வண்டி, 250 சி.சி. ஒருவர் ஏறியமர்ந்து முடுக்க, வண்டியின் பின்சக்கரம் பெருஞ்சக்கரத்தை உரசிச் சுழற்றுகிறது. இரைச்சல், எண்ணெய் நாற்றம், புகை. பின்னர் அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிப் போகிறார். சக்கரமோ இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுழன்றுகொண்டிருக்கும். தாமதித்து வருபவருக்கு முடுக்கியவர் யாரென்று தெரியாது. சுழற்சி மட்டுமே தெரியும். அந்தப் பெனெல்லியை 114 வண்டிகளோடு ஒருநாள் ஓடவிட்டிருந்தால், கெரியின் எஃகுத் தகடுகளில் சற்றே கரி படிந்திருக்கும்.