விடியுமுன் கிளம்பி, கிள்ளானில் பசியாறி

கிள்ளானில் ஒரு பாலம் இருக்கிறது. கோத்தா பாலம். 1950களின் இறுதியில் கட்டத் தொடங்கி 60களின் தொடக்கத்தில் திறந்தார்கள். இரண்டு தளம் கொண்ட பாலம் அது. மேலே காரும் லோரியும் போக, கீழே நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தனியாக ஒரு தளம் போட்டார்கள். பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் மேல்தளத்தில் வண்டி ஓட்டம் நின்றுபோனது. கீழ்த்தளம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை. கார்களுக்குப் போட்ட தளம் ஓய்வெடுக்க, சைக்கிளுக்குப் போட்ட தளம் உழைத்துக்கொண்டே இருக்கிறதே, அந்த ஊர்மேல் எனக்குப் பித்துப் பிடிக்காமல் வேறென்ன செய்யும்!

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மிதித்துக் கிளம்பி, அந்தக் கீழ்த்தளத்தில் ஆற்றைக் கடந்து, தெங்கு கெலானா சாலையில் உட்கார்ந்து பசியாறுவதை விட நல்ல காலைப்பொழுது இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடையாது. அடித்துச் சொல்வேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். பழகிய கால்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பழகாத கால்களுக்கு இரண்டு, இரண்டரை ஆகட்டுமே, என்ன அவசரம்?

நாங்கள் கூடுவது ஸ்கோட் சாலையில், இலங்கைத் தமிழர்கள் கட்டிய கந்தசுவாமி கோயிலின் பக்கத்தில். மணி ஆறு. கும்மிருட்டு. இந்த இருட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் தலை காட்டும். சைக்கிள்காரர்களுக்கு இது பெரிய வரம். விடியற்காலை எழ முடியாதவர்கூட ஆறு மணிக்கு எழுந்து வந்தால், குளிர்ச்சியான ஒரு மணி நேரம் கையில் கிடைத்துவிடுகிறது. இந்த ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு தெரியும்.

துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரர்கள் அந்நேரமே மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்த தெரு. ஆனால் அதற்கு நூறாண்டுக்கு மேலாகவே இது உழைப்பாளிகளின் பேட்டை. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து கோலாலம்பூரைச் சூறையாடிய பிறகு, ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்ட இங்கேதான் சூளை போட்டார்கள். பகலில் இந்தத் தெருவில் சைக்கிள் ஓட்ட எனக்கு மனம் வராது. விடியுமுன் அது முழுக்க நம்முடையது.

அப்புறம் கூட்டரசு நெடுஞ்சாலை. இந்தப் பேரைக் கேட்டாலே கார்க்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர்கள் பார்த்தது நடுவில் ஓடும் சாலையை. ஓரத்தில் தனியாக ஓடும் மோட்டார் சைக்கிள் பாதையை அவர்கள் பார்த்ததில்லை. 70களில் நாட்டிலேயே முதன்முதலாகப் போட்ட பாதை இது. அதில் விபத்து கணிசமாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் பின்னால் கணக்கெடுத்துக் காட்டினார்கள். பெரிய சாலைச் சந்திப்பு வரும் இடங்களில் இந்தப் பாதை சட்டென்று கீழே இறங்கி ஒரு சின்னச் சுரங்கத்துக்குள் நுழையும். தலைக்கு மேல் லோரி உருளும் சத்தம், சுவரில் கசியும் தண்ணீர், நம் விளக்கு வெளிச்சம் மட்டும் முன்னால். இறங்கிய வேகத்திலேயே மறுபக்கம் ஏறி வெளியே வந்தால், வானம் ஒரு சாயல் வெளுத்திருக்கும். அடுத்த சுரங்கம் தாண்டினால் இன்னொரு சாயல். எந்தக் காரிலும் இப்படி விடிவதைப் பார்க்க முடியாது!

கோலாலம்பூர் எல்லையில் சாலையை மறித்து நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு வந்ததும் எங்களில் யாராவது மணியடிப்பார்கள். 1974இல் கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசமாக விட்டுக்கொடுத்த சிலாங்கூரின் நினைவுக்காகக் கட்டியது. சொந்தக் காலால் ஒரு மாநிலத்துக்குள் நுழைகிறோம் என்ற நினைப்பே தனிச் சுகம்.

மோட்டார் சைக்கிள் பாதையில் ஒரு தொல்லை உண்டு, பங்சர். லோரி டயர் வெடித்துச் சிதறினால் அதற்குள்ளிருக்கும் மெல்லிய இரும்புக் கம்பிகள் சாலையெங்கும் தூளாகக் கிடக்கும். தலைமுடி அளவுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அண்மையில் பத்து தீகா பக்கம் எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்குப் பின் டயர் இறங்கிவிட்டது. புது டியூப் போட அவர் அவசரப்பட்டபோது கூட வந்த மூத்தவர் தடுத்தார்.

"கம்பிய எடுக்காம டியூப் போட்டா ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடியும் எறங்கும்மா. உள்பக்கம் விரல விட்டு மெதுவா ஒரு சுத்து தடவிப் பாரு."

தடவினார். கண்ணை மூடிக்கொண்டு, முழு வட்டமும். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தால் நெண்டிப் பார்த்தால் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கம்பித் துணுக்கு. இதற்குள் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நின்று, தன் முன்விளக்கை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேர்கூடக் கேட்கவில்லை. காற்றடித்து முடிந்ததும் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்ட ஆட்கள் நிறைந்த பாதை இது. பள்ளம் வந்தால் முன்னே போகிறவர் "லுபாங்!" என்று கத்துவார். பின்னால் வருகிறவர் அதையே அடுத்தவருக்குக் கத்துவார். மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு கலந்து ஓடினாலும் அந்தக் கூச்சல் ஒன்றுதான்.

இந்தச் சாலைக்கு இணையாகத்தான் ரயிலும் ஓடுகிறது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து வந்த முதல் ரயில் புக்கிட் கூடாவோடு நின்றுவிட்டது. ஆற்றின்மேல் பாலம் முடிந்து 1890இல்தான் கிள்ளானுக்குள் நுழைந்தது. ரயிலையே நான்கு ஆண்டு காக்கவைத்த ஆற்றை நாங்கள் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். கிள்ளானின் பெர்க்லி பகுதியைக் கடந்து கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் ஏறும்போது எல்லாரும் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். சந்தைப் பையோடு நடந்து போகிற பாட்டிகளுக்கு வழி விட வேண்டும், ஆற்றையும் பார்க்க வேண்டும். சேற்று நிறத்தில், ஓதத்துக்கு ஏற்ப ஏறியும் வற்றியும் கடலைத் தேடிப் போகும் ஆறு. கோலாலம்பூரில் இதே ஆற்றைச் சிமென்ட் கரைகளுக்கு நடுவே பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இங்கே அதன் அகலம் ஆச்சரியமாக இருக்கும்.

இனிமேல்தான் திருவிழா. தெங்கு கெலானா சாலையில் கடைத்தெரு திறக்கும் நேரம். வியர்வை காயாத சட்டையோடு பத்துப் பன்னிரண்டு பேர் மேசைகளை ஒட்டிப் போட்டு உட்காருவோம். தோசை, ரொட்டி சனாய், தே தாரிக். எனக்கு எப்போதும் நெய்த்தோசையும் கோப்பி ஓவும். முதல் வாய் உள்ளே போனதும் பேச்சு ஆரம்பமாகும். போன வாரம் யார் எங்கே ஓட்டினார்கள், எந்த ஏற்றத்தில் யாருக்கு மூச்சு வாங்கியது, எங்கே மழை பிடித்தது. ஓட்டம் பாதி என்றால் இந்தப் பேச்சு மறு பாதி. ஸ்ட்ராவா செயலியில் வரைபடம் வரும், வேகம் வரும், இதயத்துடிப்புகூட வரும். இப்படிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும் கதை வருமா?

பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்கா அண்மையில் கெந்திங் செம்பா ஏறிவிட்டு வந்தார். கோம்பாக்கிலிருந்து பெந்தோங்குக்குப் போகும் பழைய மலைச் சாலை. காராக் நெடுஞ்சாலை வருவதற்கு முன் பகாங்குக்குப் போன வண்டியெல்லாம் இந்த வளைவுகளில்தான் ஏறி இறங்கின. நெடுஞ்சாலை வந்த பிறகு சந்தடி குறைந்து, காடு இரண்டு பக்கமும் நெருங்கிவந்து, இன்றைக்கு அது சைக்கிள்காரர்களின் சொர்க்கம். ஒராங் அஸ்லி மருத்துவமனை தாண்டியதும் ஏற்றம் பிடிக்கும். செங்குத்து என்று சொல்ல முடியாது, ஆனால் விடவே விடாது. ஒரு வளைவு முடிந்தால் இன்னொன்று.

"மொத வளைவுலயே சின்ன கியருக்கு வந்துடுங்க. பக்கத்துல வர்றவங்கிட்ட ஒரு வாக்கியம் முழுசா பேச முடியுதான்னு பாத்துக்கிட்டே இருங்க. பேச முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம்" என்று அவர் சொன்னது, நான் கேட்ட மலையேற்றப் பாடங்களிலேயே சிறந்தது. அதை அப்படியே கடைப்பிடித்து நானும் ஏறினேன். நடுவில் நிற்கவில்லை! உச்சியில் காற்று சில்லென்று கழுத்தில் பட்டபோது அந்த அக்காவுக்கு மனசாரக் கும்பிடு போட்டேன். டுரியான் பருவத்தில் இறங்கும் வழியெல்லாம் சாலையோரக் கடைகளின் வாசம் வேறு. ஹேண்டல் பாரில் டுரியானைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூட்டத்து இளைஞர்களுக்கு உலு லங்காட்தான் உயிர். பதினெட்டாங்கட்டை தாண்டி நெகிரி செம்பிலான் எல்லையில் நிற்கும் பெராஸ் மேட்டில் ஏறி, மறுபக்கம் ஜெலுபு வரை சறுக்கி இறங்கினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு அதைவிடப் பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சாலை பிடிக்கும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் நெரியும் அதே இடத்தில், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை முருகனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் அணைக்கட்டு நீர், அப்புறம் காடு, மூங்கில், ஓடைச் சத்தம். அங்கே மழை பிடித்தால் ஒதுங்க வேண்டாம், நனைந்துகொண்டே மிதியுங்கள். அந்த மழைக்கு ஈடே இல்லை.

மேசையின் கடைசியில் அமைதியாக உட்காரும் பெரியவர் பேச வாயெடுத்தால் எல்லாரும் நிறுத்திவிடுவோம். அவருடைய அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பால்வாளியை சைக்கிளில் மாட்டிக்கொண்டு செம்மண் பாதையில் போனவர். ஒலிம்பிக் வரை போன நம் எம். குமரேசன் ஓட்டிய பந்தயங்களைப் பற்றிப் பெரியவர் பேச ஆரம்பித்தால் தே தாரிக் ஆறிப்போகும். 2017இல் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரின் உலகச் சாம்பியன் ஆனதையும், தோக்கியோவில் வெள்ளி வென்றதையும் நேற்று நடந்ததைப்போல வர்ணிப்பார். 1996இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயம் கெந்திங் மலையில் ஏறும்போது சாலையோரம் நின்று பார்த்தவர். "அவனுங்க ஏறுன ரோட்டுலதான் நாமளும் ஏறுறோம். டிக்கெட் வாங்காம வேற எந்த வெளயாட்டுல தம்பி அதே மைதானம் கெடைக்கும்?" என்றார் ஒரு நாள். அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

பசியாறிய பிறகும் கால் கேட்டால் தெற்கே கேரித் தீவு இருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் போய்ப் பாலம் தாண்டினால் போதும். வரிசை வரிசையாகச் செம்பனை, மேடே இல்லாத சாலை, எலிகளைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைகளுக்குக் கட்டிவைத்த பெட்டி வீடுகள். உள்ளே போனால் முகமூடி செதுக்குவதில் பேர்போன மா மெரி மக்களின் கிராமம். எதிர்காற்று அடித்தால் மட்டும் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு, முன்னே போகிறவர் களைத்ததும் அடுத்தவர் மாறி, அப்படியே ஓட்டிக்கொண்டு போவோம். முகம் பார்த்திராதவர்கூட நமக்காகக் காற்றை வாங்கிக்கொள்வார். திரும்பி மிதிக்கத் தெம்பில்லாதவர்களுக்கும் வழியுண்டு. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் கிள்ளான் நிலையத்தில் கோமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால், கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் நெடுஞ்சாலைக்கு வர வேண்டாம். 2014 ஜனவரியில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஆரம்பித்த 'கார் இல்லாக் காலை' இருக்கிறது. ஞாயிறு காலையில் நகர மையச் சாலைகளைக் காருக்கு மூடி, ஓடுகிறவர்களுக்கும் மிதிக்கிறவர்களுக்கும் திறந்துவிடுவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே சில வாரம் சுற்றுங்கள். கியர் மாற்றவும், கூட்டத்தில் நேராக ஓட்டவும், ஒரு கையை விட்டுச் சைகை காட்டவும் பழகிவிடும். அப்புறம் ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு ஸ்கோட் சாலைக்கு வாருங்கள். சைக்கிள் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, உதிரி டியூப் ஒன்று, தண்ணீர் இரண்டு பாட்டில். பசியாறுதல் எங்கள் செலவு.